தங்கமும் வெள்ளியும் கலந்தா என்ன நிறம்? போன எபிசோட்ல நான் சொன்ன ஒரு தப்பு

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த திணறல்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் வெட்டியிருக்கோம்.

இந்த வாரம் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

போன எபிசோட்ல லைகர்கஸ் கோப்பையைப் பத்திப் பேசினது ஞாபகம் இருக்கும். கேக்காதவங்களுக்காக ஒரு சின்ன சுருக்கம். லண்டன்ல, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குற ரோமானியக் கண்ணாடிக் கோப்பை அது. கி.பி. 4-ம் நூற்றாண்டுல செஞ்சது. மியூசியம் அதை 1958-ல வாங்குச்சு. லைகர்கஸ்ங்கிற ராஜாவைத் திராட்சைக் கொடி சுத்தி வளைச்சுப் பிடிக்கிற கதையை அதுல செதுக்கியிருப்பாங்க. ஆனா எல்லாரும் பாக்கப் போறது அந்தக் கதைக்காக இல்ல, நிறத்துக்காக. வெளியில இருந்து வெளிச்சம் விழுந்தா கோப்பை மங்கலான பச்சை. உள்ள ஒரு விளக்கை வச்சா ரத்தச் சிவப்பு. அதே கண்ணாடிதான், வெளிச்சம் வர்ற திசை மட்டும்தான் மாறுது.

"கண்ணாடிக்குள்ள தங்கத்தோட நானோ துகள் இருக்கு, தங்கம் அந்த அளவுல சிவப்பாத் தெரியும், அவ்ளோதான் மேட்டர்"னு சொல்லிட்டு நான் அடுத்த டாபிக்குக்குத் தாவிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. "அண்ணா, அந்தத் துகள்ல தங்கத்தை விட வெள்ளிதான் அதிகம். வெள்ளி நானோ துகள் மஞ்சளா இருக்கும். அப்படின்னா கோப்பை ஏன் மஞ்சளா இல்ல?"

எனக்குப் பதில் தெரியல. தேடிப் பாத்தா அவங்க சொன்னதுதான் சரி. 1990-ல பார்பர், ஃப்ரீஸ்டோன்னு ரெண்டு பேர் அந்தக் கண்ணாடியோட சின்னத் துணுக்கை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்திருக்காங்க. உள்ள இருந்தது 50-லேர்ந்து 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ள உலோகத் துகள்கள். அதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு வெள்ளி, ஒரு பங்கு தங்கம், கூடவே துளியூண்டு செம்பு. தனித்தனித் துகள் இல்ல, ஒவ்வொரு துகளுக்குள்ளயும் எல்லாம் சேந்தே கலந்திருக்கு. அதாவது அலாய், உலோகக் கலவை.

ஆக, நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

வாளித் தண்ணி

முதல்ல அடிப்படை. தங்கம் ஏன் நானோ அளவுல நிறம் மாறுது?

நிறைய தண்ணி இருக்குற வாளியைத் தூக்கிட்டு நடந்திருப்பீங்க. மெதுவா நடந்தா தண்ணி அசையாது. வேகமா ஓடினாலும் ஓரளவு சமாளிச்சிடலாம். ஆனா நடுவுல ஒரு குறிப்பிட்ட வேகத்துல நடந்தா மட்டும் தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா அடிச்சு, கால் எல்லாம் நனைஞ்சிடும். உங்க நடையோட தாளமும் வாளிக்குள்ள தண்ணி ஆடுற தாளமும் ஒத்துப்போற இடம் அது.

உலோகத்துக்குள்ள எந்த அணுவுக்கும் தனியாச் சொந்தமில்லாத எலக்ட்ரான்கள் தண்ணி மாதிரி நிறைஞ்சு கிடக்கும். ஒளிங்கிறது ஒரு மின்புலம், மேலயும் கீழயும் மாறி மாறித் தள்ளிக்கிட்டே இருக்கும். 20 நானோமீட்டர் துகள் மேல ஒளி பட்டா, உள்ள இருக்குற எலக்ட்ரான் கூட்டம் மொத்தமா ஒரு பக்கம் ஒதுங்கும். ஒதுங்கினதும் எதிர்ப்பக்கத்துல மிச்சமிருக்குற பாசிட்டிவ் மின்சுமை அதைத் திருப்பி இழுக்கும். அப்புறம் மறுபடி. இந்த ஊசலாட்டத்துக்குச் சொந்தமா ஒரு தாளம் உண்டு. வர்ற ஒளியோட தாளம் அதோட ஒத்துப்போனா, அந்த நிறத்து ஒளியைத் துகள் பயங்கரமா விழுங்கும். இதுக்குப் பேர்தான் பிளாஸ்மான் ரெசனன்ஸ்.

தண்ணியில மிதக்குற 20 நானோமீட்டர் தங்கத் துகளுக்கு இந்த இடம் சுமார் 520 நானோமீட்டர், அதாவது பச்சை. வெள்ளைக்காரச் சூரிய ஒளியில இருந்து பச்சையையும் அதை ஒட்டின நீலத்தையும் எடுத்துட்டா மிச்சம் சிவப்பு. வெள்ளித் துகளுக்கு அந்த இடம் 400 பக்கம், ஊதா. ஊதா போயிட்டா மிச்சம் மஞ்சள். அந்தத் தங்கச்சி கேட்டது இதைத்தான்.

இது புதுசு கிடையாது. மைக்கேல் ஃபாரடே 1857-லயே தங்கத்தைத் தண்ணியில நுண்துகளாக்கி, அந்தச் சிவப்புக்குக் காரணம் துகளோட சிறுமைதான்னு சொல்லியிருக்கார். உருண்டையான துகள் மேல ஒளி பட்டா என்ன ஆகும்ங்கிற முழுக் கணக்கையும் 1908-ல குஸ்தாவ் மீ போட்டுக் குடுத்தார். நாம இன்னிக்கும் அதே கணக்கைத்தான் பைதான்ல ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

உங்க கையிலயே இது வந்து போயிருக்கும். கொரோனா காலத்துல மூக்குல குச்சியை விட்டுப் பாத்த ரேபிட் டெஸ்ட் கிட் ஞாபகம் இருக்கா? பல கிட்கள்ல அந்தச் சிவப்புக் கோடு சாயம் இல்ல, வந்து ஒட்டிக்கிட்ட தங்க நானோ துகள். அந்தக் கோட்டைப் பாத்துப் பயந்தவங்க எல்லாருமே பிளாஸ்மான் ரெசனன்ஸைப் பாத்துத்தான் பயந்திருக்கீங்க.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் எங்க வித்தியாசம்

தங்கமும் வெள்ளியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அடுக்கு உள்ள உலோகங்கள். படிகத்துல அணுக்கட்டத்தோட அளவு தங்கத்துக்கு 4.08 ஆங்ஸ்ட்ராம், வெள்ளிக்கு 4.09. அதனாலதான் ரெண்டும் எந்த விகிதத்துல வேணும்னாலும் முழுசாக் கலக்கும். சுதந்திர எலக்ட்ரான்களோட அடர்த்தியும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் ஏன் ஒண்ணு 400, இன்னொண்ணு 520?

உள்ள கொஞ்சம் ஆழத்துல கட்டுண்டு கிடக்குற எலக்ட்ரான்கள்தான் காரணம். போதுமான ஆற்றலோட ஒளி வந்தா அதுவும் மேல தாவும். வெள்ளியில இந்தத் தாவலுக்கு 320 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற புற ஊதா ஒளி வேணும். தங்கத்துல 520 பக்கம் இருக்குற பச்சை, நீல ஒளியே போதும்.

தங்கத்துல மட்டும் ஏன் இவ்ளோ சுலபம்? ஐன்ஸ்டீன்தான் காரணம். தங்கத்தோட கருவுல 79 புரோட்டான். அந்த இழுப்புல உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியோட வேகத்துல பாதிக்கும் மேல ஓடுது. அந்த வேகத்துல சார்பியல் விளைவுகள் வந்து ஆற்றல் படிகளை நெருக்கி விட்டுடுது. சார்பியல் மட்டும் இல்லேன்னா தங்கமும் வெள்ளி மாதிரி வெளுப்பாத்தான் இருந்திருக்கும். மஞ்ச மஞ்சேள்னு ஒரு நகைக்கடைகூட இருந்திருக்காது.

இதோட விளைவு என்னன்னா, வெள்ளித் துகள்ல ஊசலாட்டம் தடையில்லாம நடக்கும். ஸ்பெக்ட்ரம்ல கூர்மையான, உயரமான சிகரம் வரும். தங்கத்துல ஊசலாடுற இடமும் இந்தத் தாவல் ஆரம்பிக்கிற இடமும் ஒண்ணா வந்துடுது. வாளியில ஓட்டை மாதிரி. ஆடுற ஆற்றல் ஒழுகிடும், சிகரம் குட்டையா அகலமா ஆயிடும்.

என் கோடு எங்க தப்பாச்சு

இவ்ளோ தெரிஞ்சதும் எனக்குள்ள இருக்குற சாஃப்ட்வேர் இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். ஜான்சன், கிறிஸ்டின்னு ரெண்டு பேர் 1972-ல தங்கம், வெள்ளி, செம்பு மூணுக்கும் ஒளியியல் அளவுகளை அளந்து வெளியிட்ட டேபிள் இருக்கு. இந்தத் துறையில ரொம்பப் பேர் இன்னும் அதைத்தான் எடுக்குறாங்க. நான் நினைச்சேன்: கலவைதானே? வெள்ளியோட டேபிளை 0.7-ஆல பெருக்கு, தங்கத்தோடதை 0.3-ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு, மீ-யோட கணக்குக்குள்ள போடு. நாப்பது வரி கோடு. சனிக்கிழமை ராத்திரி முடிச்சிட்டு, "பதில் கிடைச்சிருச்சு"ன்னு அந்தத் தங்கச்சிக்கு மெயில் டைப் பண்ண உக்காந்துட்டேன்.

நல்லவேளை, அனுப்புறதுக்கு முன்னாடி உண்மையான சோதனை முடிவோட ஒப்பிட்டுப் பாத்தேன். 1999-ல ஸ்டீஃபன் லிங்க், மொஸ்தஃபா எல்-சையது குழு வெளியிட்ட ஆய்வு. தங்க உப்பையும் சில்வர் நைட்ரேட்டையும் சோடியம் சிட்ரேட்டோட சேத்துக் கொதிக்க வச்சு, பல விகிதங்கள்ல 20 நானோமீட்டர் சைஸ்ல அலாய் துகள் செஞ்சாங்க. வெள்ளி கூடக் கூட சிகரம் 520-லேர்ந்து 400-ஐ நோக்கி நேர்கோட்டுல நகருது. பத்து சதவீதம் வெள்ளி கூடினா சுமார் 12 நானோமீட்டர்னு வச்சுக்கலாம். கரைசலோட நிறம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு படிப்படியா மாறும்.

என் கோடு அப்படி நேர்கோடு போடல. சிகரம் தட்டையாகி, சமமில்லாத படிகள்ல நகந்துச்சு. ஒரு மணி நேரம் பக் தேடினேன். கோடுல பக் இல்ல, என் நினைப்புலதான் பக். அந்த ஆய்வுச் சுருக்கத்துலயே எழுதியிருக்கு, நான்தான் கவனிக்கல: தங்கம், வெள்ளி ரெண்டோட ஒளியியல் அளவுகளையும் வெறுமனே விகிதப்படி கூட்டினா இந்த நேர்கோட்டை விளக்க முடியாது.

ஏன் முடியாது? ஒரு சுவர் 2 அடி, இன்னொரு சுவர் 6 அடின்னு வைங்க. ரெண்டையும் இடிச்சு, கல்லையெல்லாம் கலந்து, அதே நீளத்துல ரெண்டு சுவர் கட்டினா ரெண்டுமே 4 அடி. 3 அடி தாண்டத் தெரிஞ்சவன் இப்போ எதையுமே தாண்ட முடியாது. ஆனா என் சராசரி டேபிள் என்ன சொல்லும்? "முதல் சுவரைத் தாண்டிடுவான், ரெண்டாவதுல நின்னுடுவான், அதனால பாதி தாண்டுவான்"னு சொல்லும். அந்தப் பாதித் தாண்டல் நிஜத்துல எங்கயும் கிடையாது.

அலாய்லயும் இதே கதைதான். தங்கத்தோட தாவல் 30 சதவீதம், வெள்ளியோட தாவல் 70 சதவீதம்னு ரெண்டு தனித்தனியா இருக்காது. அணுக்கள் கலந்த பிறகு எலக்ட்ரான்களுக்கு "நான் தங்கத்தோட ஆளு, நீ வெள்ளியோட ஆளு"ங்கிற கணக்கே இல்ல. மொத்தப் படிகமும் ஒரே வீடு. தாவல் தொடங்குற இடமும் ஒண்ணுதான், நடுவுல எங்கயோ புதுசா அமையும். அலாய்ங்கிறது ரெண்டு உலோகத்தோட சராசரி இல்ல, அது மூணாவதா ஒரு உலோகம்.

இதுல இருந்து ஒரு அழகான பரிசோதனை கிடைக்குது. ஒரு குப்பியில தங்கத் துகளும் வெள்ளித் துகளும் தனித்தனியா மிதந்தா, ஸ்பெக்ட்ரம்ல ரெண்டு சிகரம் தெரியும். ஒவ்வொரு துகளும் அலாயா இருந்தா நடுவுல ஒரே சிகரம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளுக்குள்ள அணுக்கள் கலந்திருக்கா இல்லையான்னு ஒளி சொல்லிடுது.

செய்யுறதுலயும் ஒரு சிக்கல் உண்டு. தங்க உப்புல குளோரைடு இருக்கும். சில்வர் நைட்ரேட்டும் குளோரைடும் சந்திச்சா என்ன ஆகும்? பிளஸ் டூ லேப்ல எழுதினது ஞாபகம் இருக்கா, "தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு"? அதேதான். வெள்ளி துகளாகாம சில்வர் குளோரைடா அடியில உக்காந்துடும். அதனால கரைசலை ரொம்ப நீர்க்க வச்சுத்தான் வேலை பாக்கணும்.

கோப்பைக்குத் திரும்புவோம்

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். நேர்கோட்டுக் கணக்குப்படி 30 சதவீதம் தங்கம் இருந்தா சிகரம் 436 பக்கத்துல வரணும். நீல ஊதா. அது போனா மிச்சம் மஞ்சள்தான். கோப்பை ஏன் சிவப்பு?

ஏன்னா அந்த நேர்கோடு தண்ணியில மிதக்குற 20 நானோமீட்டர் துகளுக்கானது. கோப்பையில ரெண்டு விஷயம் வேற.

ஒண்ணு, சுத்தி இருக்குறது தண்ணி இல்ல, கண்ணாடி. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு 1.5 பக்கம். சுத்தியிருக்குற பொருளோட எண் கூடினா, எலக்ட்ரான்களைத் திருப்பி இழுக்குற விசை தளரும், தாளம் மெதுவாகும், சிகரம் சிவப்புப் பக்கம் நகரும்.

ரெண்டு, துகள் பெருசு. 70 நானோமீட்டர்னு வச்சுக்கிட்டா, துகளோட ஒரு முனையில ஒளி தள்ளுறதுக்கும் மறுமுனையில தள்ளுறதுக்கும் நடுவுல தாமதம் வர ஆரம்பிக்கும். அதனால சிகரம் இன்னும் சிவப்புப் பக்கம் போகும், அகலமாகவும் ஆகும். ரெண்டும் சேந்து தள்ளினதுல விழுங்குற இடம் நீலத்தைத் தாண்டிப் பச்சை வரைக்கும் வந்து நிக்குது. நீலமும் பச்சையும் போனா, ஊடுருவி வர்றது சிவப்பு.

சரி, வெளியில இருந்து பாத்தா ஏன் பச்சை? துகள் ஒளியை விழுங்குறது மட்டும் இல்ல, தெறிக்கவும் விடும். இந்த அளவுகள்ல விழுங்குறது துகளோட கனஅளவைப் பொறுத்தது, தெறிக்கிறது கனஅளவோட வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா விழுங்குறது 8 மடங்கு, தெறிக்கிறது 64 மடங்கு. 20 நானோமீட்டர்ல தெறிப்பு கணக்குலயே வராது. 70-ல தாராளமா வரும். எந்த நிறத்துல ரெசனன்ஸோ, ஏறக்குறைய அதே நிறம் நம்ம பக்கமே திரும்பித் தெறிக்கும். அதுதான் அந்தப் பச்சை. தெறிக்கிறதுல வெள்ளி தங்கத்தை விடக் கெட்டி. ஆக, அந்தப் பச்சைக்கு வெள்ளியும் வேணும், துகளோட அளவும் வேணும். வெறும் சின்னத் தங்கத் துகளா இருந்திருந்தா நமக்குச் சாதாரண சிவப்புக் கண்ணாடிதான் கிடைச்சிருக்கும். லைகர்கஸ் கோப்பை கிடைச்சிருக்காது.

இத்தனைக்கும் அந்தக் கண்ணாடியில தங்கம் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் அளவுலதான் இருக்கு.

வீட்டுலயே இதோட சாயலைப் பாக்கலாம். ஒரு டம்ளர் தண்ணியில சில சொட்டு பால் விட்டு, இருட்டுல ஃபோன் டார்ச் அடிங்க. பக்கவாட்டுல பாத்தா லேசா நீலம். டம்ளரைத் தாண்டி வர்ற வெளிச்சத்தை ஒரு வெள்ளைச் சுவர்ல விழ வச்சா மஞ்சள் கலந்த ஆரஞ்சு. பால்ல உலோகமும் இல்ல, பிளாஸ்மானும் இல்ல. ஆனா தெறிச்ச ஒளியும் ஊடுருவின ஒளியும் வேற வேற நிறமா இருக்க முடியும்ங்கிறது கண்ணால தெரியும்.

இதனால யாருக்கு என்ன?

மியூசியம் கதையோட முடிச்சா நீங்க என்னைச் சும்மா விட மாட்டீங்க.

வெள்ளியோட சிகரம் கூர்மை, ஆனா வெள்ளி கறுத்துப் போகும். வீட்டுல வெள்ளிக் கொலுசு கறுக்குறதைப் பாத்திருப்பீங்க, காத்துல இருக்குற கந்தகம் பண்ற வேலை. நானோ துகள்ல மேற்பரப்பு ரொம்ப அதிகம்ங்கிறதால பாதிப்பும் சீக்கிரம் வரும். தங்கம் அசராது, ஆனா சிகரம் மந்தம். அலாய் ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேரம். அந்தப் பேரம் மலிவும் இல்ல. ஒளியை மறிக்கிற திறன் தங்கம் கூடக் கூட நேர்கோட்டுல குறையாம எக்ஸ்பொனென்ஷியலாக் குறையுதுன்னு அதே 1999 ஆய்வு சொல்லுது. கொஞ்சம் தங்கம் சேத்தாலே நிறையக் கூர்மை போயிடும்.

இன்னொரு உதாரணம், உயிர் சம்பந்தப்பட்டது. ஹைட்ரஜனை எரிபொருளாக்கணும்னா கசிவைக் கண்டுபிடிக்கணும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும், அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. பல்லேடியம் ஹைட்ரஜனைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். உறிஞ்சினதும் வீங்கும், அதோட பிளாஸ்மான் சிகரம் நகரும். நகர்வை ஒளியால படிச்சா கசிவு தெரிஞ்சிடும், வாயு இருக்குற இடத்துல மின்சாரமோ தீப்பொறியோ தேவையில்ல. ஆனா தனிப் பல்லேடியம் ஒரு மோசமான சாட்சி. ஹைட்ரஜன் ஏறும்போது ஒரு அழுத்தத்துல மாறும், இறங்கும்போது வேற அழுத்தத்துல மாறும். ஒரே அளவைக் காட்டினாலும், அது ஏறின கணக்கா இறங்கின கணக்கான்னு தெரியாது. கால் பங்கு தங்கம் கலந்தா இந்த முரண்டு போயிடுது. ஸ்வீடன்ல சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு இதை நம்பி, தங்கம்-பல்லேடியம் துகள் மேல பாலிமர் பூசி, ஒரு நொடிக்குள்ள பதில் சொல்ற சென்சாரை 2019-ல காட்டினாங்க. இங்கயும் தங்கம் செய்யுறது சராசரி வேலை இல்ல. பல்லேடியத்தோட குணத்தையே மாத்துது.

கடைசியா

ஞாயித்துக்கிழமை அந்தத் தங்கச்சிக்கு மெயில் அனுப்பினேன். இந்தத் தடவை ரெண்டே வரி: "நீங்க சொன்னதுதான் சரி, நான் அலாயைத் தங்கம்னு சொல்லிட்டேன். மஞ்சளா இல்லாததுக்குக் காரணம் கண்ணாடியும் துகளோட அளவும்." சாயங்காலம் பதில் வந்துச்சு: "நன்றி அண்ணா. எங்க லேப்ல போன வாரம் செஞ்ச சாம்பிள்ல ரெண்டு சிகரம் வந்துச்சு. அலாய் ஆகலன்னு இப்பத்தான் புரியுது."

நான் தப்பாச் சொன்ன ஒரு வாக்கியம் கடைசியில இன்னொருத்தர் லேப்ல உபயோகமா முடிஞ்சது என் அதிர்ஷ்டம். எப்பவும் அப்படி முடியாது. அதனால, நான் "அவ்ளோதான் மேட்டர்"னு சொல்றப்பல்லாம் தயவுசெஞ்சு சந்தேகப்படுங்க, மெயில் போடுங்க.

அடுத்த வாரம் பாப்போம். வரட்டா.